பெல் பங்கு வாங்கிப் பெருமூச்சு விடுவது எப்படி?

மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே வீடு இருந்தால் வரி ரொறன்ரோவுக்கு. வடக்கே இருந்தால் மார்க்கத்துக்கு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு: தொலைபேசிக் கம்பெனிப் பங்கில் விட்ட காசு. பலர் இதைத் தற்செயலாகச் செய்துவிட்டு வருந்துகிறார்கள். நீங்கள் முறைப்படி செய்யுங்கள். கீழே உள்ள படிகளில் பாதியை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதியையும் முடித்துவைப்பது என் பொறுப்பு.

1. பில்லைப் பார்த்துப் பங்கை வாங்குங்கள்

மாதாந்த பில்லை மேசையில் விரியுங்கள். வீட்டு இன்டர்நெட், அம்மாவுக்கு டிவி, உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போன். கூட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வாங்கிறவன் எப்பிடி நட்டப்படுவான்?” என்று உரத்துக் கேளுங்கள். ஆய்வு முடிந்தது.

ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டாம். திறந்தால் அந்தக் காசு போகும் வழி தெரிந்துவிடும்: வீதியைக் கிண்டிக் கண்ணாடி இழை புதைக்க, பழைய கடனுக்கு வட்டி கட்ட, அலைக்கற்றை வாங்க. 2021-இல் நடந்த 3500 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் மட்டும் கனடாக் கம்பெனிகள் சேர்ந்து அரசுக்கு 8.9 பில்லியன் டொலர் கட்டின. பெல் கட்டியது 2 பில்லியனுக்கு மேல். உங்கள் பில் கனமாக இருப்பதால் அவர்கள் கல்லாவும் கனமாகத்தான் இருக்கும் என்று நம்புவதே உங்களுக்கு நல்லது.

2. ஆலோசகரை மண்டபத்தில் தேடுங்கள்

சாமத்திய வீடோ ஐம்பதாவது பிறந்தநாளோ, சாப்பாடு பிந்தும் நேரத்தில் ஆலோசகர் தானாகவே தோன்றுவார். “அண்ணை, சனம் சாப்பிடாமல்கூட இருக்கும், போன் இல்லாமல் இருக்குமோ? கண்ணை மூடிக்கொண்டு பெல்லில போடுங்கோ” என்பார்.

அவர் எப்போது வாங்கினார் என்று கேட்காதீர்கள். 2008 கடைசியில் வாங்கியிருப்பார். ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் முன்னின்று, பெல்லின் தாய்க் கம்பெனியான பி.சி.ஈ.யைப் பங்கொன்று 42.75 டொலருக்கு வாங்கப் போட்ட பேரம் அப்போது முறிந்தது. பங்கு 25 டொலர் அளவுக்கு விழுந்தது. அவர் கண்ணைத் திறந்துகொண்டு 25-க்கு வாங்கியதைத்தான் உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு 74-க்கு வாங்கச் சொல்கிறார். பங்கு ஒன்றுதானே.

3. நோர்டெல் என்ற பெயரை மறந்துவிடுங்கள்

இது கடினமான படி. ஸ்காபரோவில் எந்தத் தேநீர்க் கடைக்குப் போனாலும் 2000-ஆம் ஆண்டு நோர்டெல்லில் பணம் போட்ட ஒருவர் இருப்பார். அவர் வாயைத் திறக்குமுன் பேச்சை மாற்றுங்கள்.

மாற்றாவிட்டால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பிரம்டனில் தலைமையகம் வைத்திருந்த தொலைத்தொடர்புக் கருவிக் கம்பெனி. 2000 மே மாதத்தில் பி.சி.ஈ. தன் கையிலிருந்த நோர்டெல் பங்குகளில் பெரும்பகுதியைத் தன் பங்குதாரருக்கே பிரித்துக் கொடுத்தது. பெல்லை நம்பி வைத்திருந்தவர் வீட்டுக்கு நோர்டெல் சும்மா வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பங்கு 124.50 டொலர். ரொறன்ரோ சந்தைக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே கம்பெனி. 2002-இல் ஒரு டொலருக்கும் கீழே. 2006-இல் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். திரையில் விலை பத்து மடங்காகத் தெரிந்த அந்தக் காலையில் பலர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். 2009 ஜனவரி 14-இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டுக் கம்பெனி நீதிமன்றம் போனது. 2011-இல் அதன் காப்புரிமைகளை ஆப்பிள், மைக்ரோசொஃப்ட் உள்ளிட்ட கூட்டணி ஒன்று 4.5 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அதற்காக வழக்காடினார்கள். சாதாரணப் பங்குதாரருக்கு ஒரு சதமும் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டால் ஒரே ஒரு பதில் போதும்: “அது வேற, இது வேற.”

4. “டிவிடன்ட் ஒருக்காலும் நிண்டதில்லை” என்று சொல்லிப் பழகுங்கள்

கணவனை இழந்தவர்களும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும்கூட நம்பி வைத்திருக்கலாம் என்று சந்தையில் பெயரெடுத்த பங்கு இது. ஆசிரியர் நிதியத்தின் பேரம் இழுபட்ட 2008-இல் இரண்டு காலாண்டு டிவிடன்டை அதே கம்பெனி நிறுத்தியது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், அவர் போட்டிக் கம்பெனியில் வேலை செய்கிறவரா என்று விசாரியுங்கள்.

5. சரியான நேரத்தைப் பிடியுங்கள்

2022 ஏப்ரல் சிறந்த நேரம். பங்கு 74 டொலரைத் தொட்டது. கனடா மத்திய வங்கி மார்ச்சில்தான் வட்டியைக் கூட்டத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலைக்குள் அது 5 விழுக்காட்டுக்கு ஏறப் போகிறது. கடனில் ஓடும் கம்பெனிகளுக்கு வட்டி ஏறினால் மூச்சு முட்டும். ஆகவே மூச்சு முட்டுவதற்குச் சற்று முன்னால் 500 பங்கு வாங்குங்கள். 37,000 டொலர்.

பின்னர் வங்கிக்காரப் பெண் அழைத்து, ஜி.ஐ.சி.யில் போட்டால் முதலுக்கு ஆபத்தில்லாமல் 5 விழுக்காடு தருகிறோம் என்பாள். “அது வயசான ஆக்களுக்கு, பிள்ளை” என்று சிரித்துவிட்டுப் போனை வையுங்கள்.

6. விலை விழ விழ வீதத்தைக் கொண்டாடுங்கள்

74 டொலரில் டிவிடன்ட் வீதம் 5 விழுக்காடு. பங்கு 50-க்கு இறங்கியபோது 8 விழுக்காடு. 30-க்கு இறங்கியபோது 13 விழுக்காடு. என்ன தாராளம்! ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் இந்த எண்ணைப் பாருங்கள். அது ஏறுகிறது, நீங்களும் ஏறுகிறீர்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், “அப்பா, அவங்கள் பெரிசாக் கூட்டித் தரேல்ல, உங்கட பங்கின்ர விலைதான் குறைஞ்சிருக்கு” என்று பின்னத்தை விளக்க வருவாள். அவளைக் கணக்கு டியூஷனிலிருந்து நிறுத்தத் தேவையில்லை. அறையிலிருந்து அனுப்பினால் போதும்.

7. கம்பெனியின் வரவு செலவைப் பார்க்காதீர்கள்

2024-இல் எல்லாச் செலவும் முதலீடும் போகக் கம்பெனியின் கையில் மிஞ்சிய ரொக்கம் ஏறத்தாழ 2.9 பில்லியன் டொலர். டிவிடன்டாகப் போனது ஏறத்தாழ 3.6 பில்லியன். மாதம் 2,900 டொலர் கொண்டுவரும் ஒருவன் 3,600 டொலர் மோர்ட்கேஜ் கட்டுகிறான் என்றால் அவனுக்கு உங்கள் மகளைக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். பங்குக்கு அந்த விசாரணையெல்லாம் வேண்டாம். அவர்களே 125 விழுக்காடு என்று அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து எடுத்தவனை எந்தத் தகப்பன் குறை சொல்லுவான்?

8. கடன் எடுத்துச் சராசரியைக் குறையுங்கள்

வீட்டின் மேல் லைன் ஒஃப் கிரெடிட் இருக்கிறது. சும்மா இருக்கிறது. 2024 தொடக்கத்தில் பிரைம் வட்டி 7.2 விழுக்காடு. உங்களுக்கு வங்கி அரை விழுக்காடு கூட்டி 7.7 என்று தந்தது. பெல் 50 டொலரில் 8 விழுக்காடு தந்தது. 10,000 டொலர் எடுத்து 200 பங்கு வாங்குங்கள். வித்தியாசம் ஆண்டுக்கு 30 டொலர் உங்கள் கையில். குடும்பத்தோடு ஒருநாள் கொத்துரொட்டிக்குக் காணும், மட்டன் கேட்காவிட்டால்.

பங்கு பிறகு 30-க்குப் போனது. 200 பங்கில் 4,000 டொலர் காணவில்லை. கொத்துரொட்டிக்கு அதிகம்தான். ஆனால் உங்கள் சராசரி விலையைக் கவனித்தீர்களா? 74-ஆக இருந்தது 67 டொலர் 14 சதத்துக்கு வந்துவிட்டது. இனி அந்த விலையைப் பற்றி மட்டுமே பேசுங்கள்.

9. கடைக்குள் வாடிக்கையாளர், வெளியே பங்குதாரர்

ரொஜர்ஸ், ஷோ கம்பெனியை விழுங்கியபோது போட்டி குறையாமல் இருக்க ஃபிரீடம் மொபைலைக் கியூபெக்கோர் குழுமத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில் கைமாறியது. அன்றிலிருந்து போன் கட்டணத்தில் அடிபிடி. கென்னடி–ஸ்டீல்ஸ் சந்தியில் பசிபிக் மோலுக்குள் போங்கள். பேரம் பேசுங்கள். பெல்லை விட்டு மலிவான பிளானுக்கு மாறுங்கள். பிள்ளைகளையும் மாற்றுங்கள். மச்சானுக்கும் கடை நம்பரைக் கொடுங்கள். கார்த் தரிப்பிடத்துக்கு வந்ததும் போனில் பங்கு விலையைத் திறந்து, “பெல்லுக்கு ஏன் ஆக்கள் குறையினம்?” என்று திகையுங்கள்.

அரசியலிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். “இந்த ஸ்டூடன்ட் பிள்ளையள் கூடிப்போட்டினம்” என்று தேநீர்க் கடையில் முழங்குங்கள். 2024 ஜனவரியில் ஒட்டாவா மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த ஒக்டோபரில் 2025-க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 500,000-இலிருந்து 395,000-ஆகக் குறைத்தது. புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் வாங்குவது சிம் அட்டை. அடுத்து வாடகைக்கு எடுப்பது உங்கள் பேஸ்மென்ட். இரண்டும் ஒரே ஆண்டில் காலியாகும் சுகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

10. கெட்ட செய்தியை நல்ல செய்தியாக வாசியுங்கள்

2024 பெப்ரவரியில் பெல் 4,800 வேலைகளை வெட்டுவதாக அறிவித்தது. “நல்லம், செலவு குறையும்” என்று சொல்லுங்கள். அக்காவின் மகன் அங்கே வேலை செய்கிறான் என்பதைச் சொல்லி முடித்த பிறகு நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பரில் மேப்பிள் லீஃப்ஸ் அணியை வைத்திருக்கும் கம்பெனியில் தனக்கிருந்த பங்கை 4.7 பில்லியன் டொலருக்கு ரொஜர்ஸிடம் விற்பதாக பெல் சொன்னது. கடன் அடைபடப் போகிறது என்று மகிழுங்கள். நவம்பர் 4-இல், ஏறத்தாழ 5 பில்லியன் கொடுத்து அமெரிக்காவில் ஸிப்லி ஃபைபரை வாங்குவதாகச் சொன்னது. கூடவே, டிவிடன்ட் 2025-இல் உயராது என்றும் சொன்னது. அன்று ஒரே நாளில் பங்கு பத்து விழுக்காடளவு விழுந்தது. உங்கள் வீட்டுக் கடைசி அறைக்கு வைஃபை வரவில்லை என்றாலும், ஐடஹோவில் யாரோ ஒருவருக்குக் கண்ணாடி இழை போவதை எண்ணிப் பெருமைப்படுங்கள்.

1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடாத அணியைக் கம்பெனி கைவிட்டுவிட்டது. நீங்கள் கம்பெனியைக் கைவிடாதீர்கள். ரொறன்ரோவில் விசுவாசம் என்றால் இப்படித்தான்.

11. முட்டைகளைப் பல கூடையில் வையுங்கள், எல்லாக் கூடையும் போன் கடைக் கூடையாக இருக்கட்டும்

பெல்லில் அடிபட்டால் டெலஸ் வாங்குங்கள். டெலஸ் அசையாவிட்டால் ரொஜர்ஸ். மூன்றும் ஒரே ஊரில் ஒரே வாடிக்கையாளருக்காக ஒரே மாதத்தில் விலை குறைக்கின்றன. இதற்குப் பெயர் பரவலாக்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 8-இல் ரொஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுவதும் படுத்து, இன்டராக்கும் சேர்ந்து படுத்த நாளை நன்றியோடு நினையுங்கள். பல வீடுகளில் அன்று பங்கு விலையைப் பார்க்கவே முடியவில்லை. சிறு முதலீட்டாளரின் வாழ்வில் அத்தனை நிம்மதியான வெள்ளிக்கிழமை மறுபடி வரவில்லை.

கனடா போதாவிட்டால் ஊரையும் சேருங்கள். கொழும்பில் 2005-இல் டயலொக் பங்கை 12 ரூபாய்க்கு அடித்துப் பிடித்து வாங்கினவர்கள், சில ஆண்டுகளில் 12 என்பது எவ்வளவு உயரம் என்று அண்ணாந்து பார்த்தார்கள். சென்னைச் சம்பந்தி வழியாக இந்தியாவுக்கும் போகலாம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2008 தொடக்கத்தில் 800 ரூபாயைத் தாண்டியது. 2019 முடிவில் ஒரு ரூபாய்க்குக் கீழே. நோர்டெல் செய்ததை அவர்கள் பங்கை ஒன்றாக்காமலே செய்து காட்டினார்கள்.

12. நட்டத்தை டி.எஃப்.எஸ்.ஏ.க்குள் பூட்டிவையுங்கள்

வெளிக் கணக்கில் நட்டப்பட்டால் வேறு பங்கில் வந்த மூலதன லாபத்தோடு கழித்து வரியைக் குறைக்கலாம். அந்த ஆறுதல் நமக்கு வேண்டாம். முதல் 500 பங்கையும் டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் வையுங்கள். அங்கே லாபத்துக்கு வரி இல்லை, நட்டத்துக்குக் கழிவு இல்லை. லாபம் வரும் யோசனை உங்களுக்கு இல்லாததால் விதியின் இரண்டாம் பாதி மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

இன்னும் ஒரு திருகு இருக்கிறது. 37,000 போட்டது 15,000 ஆனபின் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தால், அடுத்த ஜனவரியில் திரும்பப் போடக் கிடைக்கும் இடம் 15,000-க்கு மட்டும். மீதி 22,000 டொலருக்கான இடமும் காசோடு சேர்ந்து போய்விட்டது. 2009-இலிருந்து தகுதியோடு இருந்தவருக்கு 2025 வரை அரசு தந்த மொத்த இடமே 102,000. அதில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பெல்லுக்கு நேர்ந்துவிட்டீர்கள்.

13. வெட்டு விழும் நாளில் அமைதியாக இருங்கள்

2025 மே 8-இல் ஆண்டு டிவிடன்டை 3.99 டொலரிலிருந்து 1.75-ஆகக் குறைத்தார்கள். உங்கள் 700 பங்குக்கு 2,793 டொலர் வந்த இடத்தில் இனி 1,225. லைன் ஒஃப் கிரெடிட் கடன் மட்டும் குறைப்பு அறிவிப்பு எதுவும் அனுப்பவில்லை.

விற்கலாமா? கூடாது. எல்லாத் தமிழ் முதலீட்டாளருக்கும் தெரிந்த மந்திரத்தைச் சொல்லுங்கள்: “வாங்கின விலைக்கு வரட்டும், அண்டைக்கே வித்துப்போடுவன்.” நீங்கள் வாங்கிய விலை கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த விலைக்கு வரவேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை. 74 டொலரில் 1.75 என்றால் 2.4 விழுக்காடு. அந்த விலைக்கு இன்னொருவர் வாங்க வேண்டும். அவரைத் தேடுவதானால் மண்டபங்களில் தேடுங்கள்.

14. மனைவியிடம் தங்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள்

“இஞ்சாருங்கோ, அந்த பெல் காசு என்னாச்சு?” என்று கேட்பார். “விக்காத வரைக்கும் நட்டமில்லை. அது பேப்பரிலதான்” என்று பதில் சொல்லுங்கள். இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் 2022-இல் நீங்கள் பங்கு வாங்கிய அதே காலத்தில் அவர் மகளுக்கென்று சீட்டுக் காசில் காப்பு எடுத்தார். “காசைச் சும்மா முடக்கிறாய்” என்று நீங்கள் பாடம் எடுத்தீர்கள். அப்போது ஓர் அவுன்ஸ் தங்கம் 2,000 அமெரிக்க டொலரை ஒட்டி இருந்தது. 2025 மார்ச்சில் 3,000-ஐத் தாண்டியது. காப்பு காலாண்டு அறிக்கை வெளியிடுவதில்லை. தலைமை நிர்வாகி இல்லை. கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டும் போகலாம்.

15. கடைசியாக, கம்பெனியை அழையுங்கள்

பங்குதாரர் என்று சொல்லாதீர்கள். அந்தப் பெயருக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை. வீட்டு இன்டர்நெட்டை நிறுத்தப் போகிறேன் என்று சொல்லுங்கள். முதல் ஆள் மன்னிப்புக் கேட்பார், இரண்டாம் ஆள் காத்திருக்கச் சொல்வார், போகிறவர்களைத் தடுத்து நிறுத்தும் பிரிவு கடைசியில் லைனுக்கு வரும். எதிர்க் கம்பெனி அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்து வாசியுங்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அம்மாவுக்கு எண்பது வயது என்பதையும் சேருங்கள். மாதம் 10 டொலர் குறைப்பார்கள்.

உங்கள் கம்பெனியின் வருமானத்தை நீங்களே ஆண்டுக்கு 120 டொலரால் குறைத்துவிட்டீர்கள் என்று வருந்த வேண்டாம். இத்தனை ஆண்டு முதலீட்டில் நீங்களே கேட்டு வாங்கிய ஒரே டிவிடன்ட் இதுதான். இதற்கு வரி இல்லை, டி.எஃப்.எஸ்.ஏ. இடமும் தேவையில்லை. 24 மாதம் கழித்து இதையும் வெட்டுவார்கள். அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.